பிறகு முயற்சி செய்யவும்

ஐம்பத்தெட்டாம் எண் பள்ளியின் பட்டியல் வரவில்லை.

மார்ச் மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை. மதியம் பன்னிரண்டு மணிக்குள் மாவட்டத்தின் எல்லாக் கிராமப் பள்ளிகளும் மாணவர் பட்டியலை எங்கள் ஆய்வாளர் அலுவலகத்துக்கு அனுப்பியிருக்க வேண்டும். நான்கு பிள்ளைகள் இருந்தால் பள்ளி இருக்கும். மூன்று என்றால் மூடிவிடுவார்கள். பட்டியலே வராத பள்ளியில் பிள்ளைகள் இல்லை என்று எடுத்துக்கொள்ளப்படும். தலைநகர் மாண்டிவிடியோவிலிருந்து வந்த சுற்றறிக்கை அப்படித்தான் சொன்னது. பணம் இல்லாமல் வங்கிகள் கதவைச் சாத்திய வருடத்துக்கு அடுத்த வருடம் அது. எதை மூடலாம் என்று தலைநகரில் தேடிக்கொண்டிருந்தார்கள்.

மாவட்டத்தில் முப்பத்தொன்பது கிராமப் பள்ளிகள். முப்பத்தெட்டு வந்துவிட்டன.

"இந்த நிபியாவுக்கு என்னதான் வந்துச்சு?" என்றாள் மிர்தா. "எப்பவும் முதல்ல அனுப்புறவ அவதான்."

நிபியா ஐம்பத்தெட்டாம் எண் பள்ளியின் ஆசிரியை. ஒரே ஆசிரியை. சமையலும் அவள்தான். வீடு பாசோ சௌசே கிராமத்தில். பள்ளி அங்கிருந்து இருபத்திரண்டு கிலோமீட்டர் தள்ளி, ஓடைக்கு அந்தப் பக்கம். திங்கள் விடியலில் பால் லாரியில் ஏறிப் போனால் வெள்ளி மாலைதான் திரும்புவாள். பள்ளியில் போன் கிடையாது.

மிர்தா எங்கள் எழுத்தர். போன், ஃபேக்ஸ், பொதுமக்கள் வந்து நிற்கும் ஜன்னல் மூன்றும் அவள் பொறுப்பு. அதே நாற்காலியில் முப்பத்தொரு வருடம். நாள் முழுக்க நாங்கள் குடிக்கும் மாதே இலைத் தேநீருக்கான வெந்நீர்க் குடுவையை அக்குளில் இடுக்கியபடியே போன் பேசுவாள். மணி பத்தடித்தால் போன். பத்தரைக்கு ஜன்னலைத் திறப்பாள். அதன்பிறகு யார் செத்தாலும் போனைத் தொடமாட்டாள்.

"எங்கேஜ்டு," என்று ரிசீவரை என் காதில் வைத்தாள். "நீயே கேளு. அஞ்சு நாளா இதே பாட்டு. அந்த வீட்ல யாரு இப்படிப் பேசுறா? இவ வாரம் பூரா பள்ளிக்கூடத்துல கெடக்கா. எல்பியோவுக்கு வேற யாராவது அமைஞ்சுட்டாளா?"

"எல்பியோவுக்கா? ரேடியோ வால்வோடதான் பேசுவார் அவர்."

"அப்ப ரேடியோ வால்வோட இவ்ளோ நேரம் என்ன பேச்சு?"

எல்பியோ நிபியாவின் கணவர். வானொலி, பம்பு, காற்றாலை, எது கெட்டாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

நான் ஹெபர். அலுவலகத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்பவன். ஒரு வருட ஒப்பந்தம். ஜூன் வந்தால் ஐந்தாவது முறையாகப் புதுப்பிக்க வேண்டும். அன்று காலை என்னிடமும் பன்னிரண்டு மணிக்குள் முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருந்தது. அரைப் பக்க அறிக்கை. தலைப்பு: டயல்-அப் முகவரிகளிலிருந்து வரும் மின்னஞ்சலைத் தடுப்பதால் குப்பைக் கடிதங்கள் குறைகின்றனவா? ஒடிலியா மேடம் கேட்டிருந்தார். அவரிடம் தலைநகரம் கேட்டிருந்தது.

ஒடிலியா மேடம் மாவட்ட ஆய்வாளர். டிசம்பரில் பெற்றோர் சங்கத்திலிருந்து நான்கு பேர் அவரைப் பார்க்க வந்தார்கள். கூரை ஒழுகுகிறது என்று அவர்கள் அனுப்பிய கடிதத்தைக் காட்டுவதற்காகத் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். திரையில் யாரோ அனுப்பிய வேறொரு கடிதம் திறந்திருந்தது. ஒரு பெண், ஒரு நாற்காலி, வேறெதுவும் இல்லை. சங்கத் தலைவர் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

அவர்கள் போனதும் என்னைக் கூப்பிட்டார்.

"ஹெபர், இதை நிறுத்து. எப்படின்னு எனக்குச் சொல்லாத."

எண்ணிப் பார்த்தேன். நாளைக்கு முன்னூற்று நாற்பது கடிதம் வந்தது. இருநூற்றுத் தொண்ணூறு குப்பை. அதில் பாதிக்கு மேல் டயல்-அப் எண்களிலிருந்து வந்தது. உலகத்தில் எங்கெங்கோ, தொலைபேசிக் கம்பி வழியாக இணையத்துக்குள் நுழையும் வீட்டுக் கணினிகள். வீட்டுக்காரருக்கே தெரியாமல் அவை ராத்திரி பகலாகக் கடிதம் எறிந்துகொண்டிருந்தன. சாதாரணமாக ஒரு வீட்டுக் கணினி கடிதத்தை இணைப்பு தரும் கம்பெனியிடம் ஒப்படைக்கும். கம்பெனியின் கணினிதான் எங்கள் வாசலுக்கு வரும். போன் கம்பியிலிருந்து நேராக வாசலுக்கு வந்து தட்டுவது பெரும்பாலும் குப்பை. அந்த மாதிரி எண்களைத் திரட்டி இணையத்தில் யாரோ பட்டியலாகப் போட்டு வைத்திருந்தார்கள். அதை எங்கள் கடிதங்களை வாங்கும் சர்வரில் சேர்த்தால் போதும்.

பக்கத்து மாவட்டத்தில் என்னைப் போலவே கணினி பார்க்கும் டார்டோவிடம் போனில் கேட்டேன்.

"நீ இன்னும் போடலையா?" என்றான். "எல்லாரும் போட்டாச்சு. நீ மட்டும்தான் கதவத் தெறந்து வச்சிட்டு மாதே குடிச்சிட்டிருக்க."

"நல்ல கடிதம் ஏதாவது மாட்டிக்கிச்சுன்னா?"

"டயல்-அப்ல உக்காந்து சொந்தமா சர்வர் வச்சு மெயில் அனுப்புற கிறுக்கன் நம்ம நாட்ல யாரு இருக்கான்?"

போட்டேன்.

தட்டுபவனுக்கு இரண்டு விதமாகப் பதில் சொல்லலாம். முடியாது என்று சொன்னால் அவனுடைய கணினி அக்கணமே கடிதத்தை எழுதியவரிடம் திருப்பிக் கொடுத்துவிடும். பிறகு முயற்சி செய்யவும் என்று சொன்னால் கடிதத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு மறுபடி வரும். நான் இரண்டாவதைப் போட்டேன். தவறாக யாரையாவது தடுத்திருந்தாலும் கடிதம் தொலையாது என்று கணக்கு. ஒரு மாதம் பார்ப்போம், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மாற்றவில்லை.

எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் முடியாது என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஜன்னலுக்கு வருபவரிடம் மிர்தா, "திங்கட்கிழமை வாங்க," என்பாள். சத்தம் போடுபவரிடம்கூட அதைத்தான் சொல்வாள், இன்னும் கனிவாக. மறுபடி வருபவர்கள் உண்டு. வராமல் போனவர்களைப் பற்றி நாங்கள் பேசியதில்லை.

ஒரே வாரத்தில் குப்பை இருநூற்றுத் தொண்ணூறிலிருந்து நூற்று இருபதானது. ஒடிலியா மேடம், "இப்பத்தான் மனுஷங்க கடிதம் கண்ணுக்குத் தெரியுது," என்றார். பிப்ரவரியில் நூற்று முப்பத்தைந்து. மார்ச்சில் நூற்றைம்பது. வேறு வாசல் கண்டுபிடித்துக்கொண்டார்கள்.

"உதவுதா?" என்று டார்டோ கேட்டான்.

"பாதி."

"பாதி கொறைஞ்சாலே கொண்டாடணும்."

"ஆமா."

இருவரும் கொண்டாடவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை அறிக்கையில் போட ஒரு எண் வேண்டியிருந்தது. மொத்தம் எத்தனை கடிதங்களைத் தடுத்தோம். தடுத்தவற்றின் பதிவேட்டைத் திறந்தேன். மூன்று மாதமாக அதை நான் வரிவரியாகப் பார்த்ததில்லை. ஒரு நாளைக்கு நூற்றைம்பது வரிக்கு மேல். யார் பார்ப்பார்கள்?

குப்பைக்காரர்கள் ஒரு முறை வந்து தட்டுவார்கள். பிறகு வா என்றால் வரமாட்டார்கள். அவர்களுக்கு அதற்கு நேரமில்லை. அதனால் ஒரே பெயர் மறுபடி மறுபடி வந்தபோது கண் அங்கே நின்றது.

டெரோ.

ஆள்காட்டிப் பறவைக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். புல்வெளியில் யார் காலடி வைத்தாலும் கத்தித் தீர்க்கும். யாரோ தன் கணினிக்கு அந்தப் பெயரை வைத்திருந்தார். திங்கள் 10.02. திங்கள் 14.02. செவ்வாய் 10.01. செவ்வாய் 14.02. ஒவ்வொரு முறையும் வேறு வேறு முகவரி எண். டயல்-அப் அப்படித்தான், இணையும்போதெல்லாம் எண் மாறும். பெயர் மட்டும் மாறவில்லை. கடைசி வரி அன்று காலை 10.02. மொத்தம் ஒன்பது முறை.

அனுப்புபவர் என்ற இடத்தைப் பார்த்தேன். பள்ளி 58.

எழுந்துபோய் மிர்தாவின் மேசையிலிருந்த தாளை எடுத்தேன். அவள் யாருக்கு எப்போது போன் செய்தாள் என்று அதில் குறித்து வைப்பாள். ஐம்பத்தெட்டுக்கு எதிரே ஐந்து வரி. திங்கள் 10.05, எங்கேஜ்டு. செவ்வாய் 10.05, எங்கேஜ்டு. ஐந்தும் அப்படியே.

"என்ன மகனே, பேய் அறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"மிர்தா, அந்த வீட்ல யாரும் பேசல. அவங்க கம்ப்யூட்டர் நம்ம ஆபீசுக்குப் போன் போடுது."

"எனக்கா?"

"எனக்கு. டீச்சர் வீட்ல எழுதி வச்சிட்டுப் போன பட்டியலக் குடுக்கப் பாக்குது. நான் அப்புறம் வான்னு சொல்லிட்டிருக்கேன். அது கம்பியப் புடிச்சிருக்கிற அந்த நேரம் பாத்துத்தான் நீங்க கூப்பிடுறீங்க."

அவள் தாளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"பத்து மணிக்கா?"

"பத்து மணிக்கு. அப்புறம் ரெண்டு மணிக்கு. அப்படி அமைச்சு வச்சிருக்கார் எல்பியோ."

டார்டோ சொன்ன கிறுக்கன் யாரென்று தெரிந்துவிட்டது. தன் கடிதத்தைக் கம்பெனியிடம் ஒப்படைக்க மனம் வராத மனிதர். பத்திரிகையோடு இலவசமாக வந்த குறுந்தகட்டிலிருந்து சர்வரை நிறுவி, பெயர் வைத்து, நேராக வாசலுக்கு அனுப்புகிறார்.

மணி 10.36. தடையை எடுத்தேன். ஒரு வரியின் முன்னால் ஒரு குறி போட்டால் போதும். போட்டேன். ஆனால் டெரோ போனை வைத்துவிட்டிருந்தது. இனி இரண்டு மணிக்குத்தான் வரும்.

மிர்தா ஜன்னலைத் திறக்கவில்லை. வெளியே நான்கு பேர் காத்திருந்தார்கள். முதல்முறையாக அவள் பத்தரைக்கு மேல் போனைத் தொட்டாள். பாசோ சௌசே வீட்டில் மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. அங்கே உள்ள மளிகைக் கடைக்குப் போட்டாள்.

"எல்பியோவா? பண்ணைக்குப் பம்பு பாக்கப் போயிட்டாரு," என்ற கடைக்காரரின் குரல் எனக்கும் கேட்டது. "ராத்திரியிலேருந்து மழை. சாயங்காலம்தான் வருவாரு."

"பள்ளிக்கூடத்துக்கு யாரையாவது அனுப்ப முடியுமா? அவசரம்."

"ஓடை நெரம்பிக் கெடக்குதும்மா. குதிரைகூட எறங்காது."

மிர்தா என்னைப் பார்த்தபடியே கேட்டாள். "அந்தப் பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க எத்தனைன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"ஏன் தெரியாம? ரோமெரோ வீட்டுப் பசங்க ரெண்டு. பால்காரர் பொண்ணு ஒண்ணு. மூணு."

"போன வருஷம் அஞ்சு இருந்துச்சே."

"ரெண்டு பேரு ஸ்பெயினுக்குப் போயிட்டாங்கம்மா. குடும்பத்தோட."

மிர்தா ரிசீவரை வைத்தாள்.

"மூணாம்," என்றாள்.

"கேட்டுச்சு."

"மூணுன்னா பட்டியல் வந்தாலும் மூடத்தான் போறாங்க. நீ வாயத் தெறந்தா என்ன, தெறக்காட்டி என்ன?"

அது சரியான கேள்வி. ஜூனைப் பற்றி நினைத்தேன். நிபியா ஒன்பது முறை அனுப்பிய கடிதத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. மூன்று என்று இருக்கலாம். பேசாமல் இருந்தால், பட்டியல் வரவில்லை என்று ஒடிலியா மேடம் கையெழுத்துப் போடுவார். இரண்டு மணிக்கு அது வரும். தாமதமாக வந்தது என்று கோப்பில் போடலாம். யாரும் பதிவேட்டைத் திறக்கப்போவதில்லை. நானே மூன்று மாதம் திறக்கவில்லை.

"எங்க போற?" என்றாள் மிர்தா.

"மேடம்கிட்ட."

ஒடிலியா மேடம் கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மேசையில் கையெழுத்துக்கான தாள் தயாராக இருந்தது.

"அம்பத்தெட்டு வந்துச்சா?"

"வந்துச்சு மேடம். அஞ்சு நாளா வந்துட்டிருக்கு. நான்தான் வாங்கல."

சொன்னேன். எப்படி என்று சொல்லாதே என்றவர் இம்முறை எப்படி என்று கேட்டார். அதையும் சொன்னேன்.

"எத்தனை பிள்ளைங்க?"

"தெரியாது. உள்ள விடாததால படிக்க முடியல."

"அப்ப அது பட்டியல்தான்னு எப்படிச் சொல்ற?"

"வேற என்னவா இருக்கும்?"

"ஆண்மை மாத்திரையா இருக்கும். எனக்கு வர்றதெல்லாம் அதுதானே."

நான் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

"ரெண்டு மணி நேரம் தள்ளி அனுப்பக் கூடாதா மேடம்?"

"பன்னெண்டுன்னா பன்னெண்டு. தாமதமா அனுப்பினா மாவட்டம் பூராவும் திருப்பிடுவாங்க. முப்பத்தெட்டையும் சேத்து." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "எழுதிக் குடு. கடிதம் நேரத்துக்கு வந்துச்சு, வாங்காதது எங்க தப்புன்னு. எங்க தப்பு இல்ல. உன் தப்பு. உன் பேரு, உன் கையெழுத்து."

"சரி."

"ஜூன் ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்கு."

"நான் அதுல ஒண்ணும் பண்ண முடியாது."

"தெரியும் மேடம்."

"அந்தக் குப்பை மெயில் அறிக்கையும் பன்னெண்டுக்குள்ள வேணும்."

"ரெண்டும் ஒரே தாள்தான்," என்றேன்.

எழுதினேன். அதிகம் எழுதத் தெரியாது.

டிசம்பர் முதல் டயல்-அப் முகவரிகளிலிருந்து நேரடியாக வரும் மின்னஞ்சலைத் தடுத்தேன். குப்பை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. தடுத்தவற்றில் குப்பை அல்லாதவை எத்தனை என்று எனக்குத் தெரியாது. நான் பார்க்கவில்லை. ஒன்று மட்டும் தெரியும். ஐம்பத்தெட்டாம் எண் பள்ளி அனுப்பிய கடிதம் திங்கட்கிழமை காலை 10.02க்கு எங்கள் வாசலுக்கு வந்தது. வெள்ளி வரை ஒன்பது முறை வந்தது. அதை ஏற்காதது பள்ளியின் பிழை அல்ல, என் பிழை.

கீழே என் பெயர். 11.50க்கு ஃபேக்ஸ் போனது. ஐம்பத்தெட்டுக்கு எதிரே ஒடிலியா மேடம் கையால் எழுதியிருந்தார்: இணைப்பைக் காண்க.

பன்னிரண்டேகாலுக்குத் தலைநகரிலிருந்து போன். மிர்தா எடுத்தாள். அந்தப் பக்கம் இருந்தவர் மதிய உணவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

"பட்டியல் இருக்கா, இல்லையான்னு ஒரே வார்த்தையில சொல்லுங்க," என்றாராம்.

"வந்துட்டிருக்கு."

"மூணு மணி வரைக்கும் இருப்பேன். அப்புறம் பட்டியலெல்லாம் பொட்டலம் கட்டிடுவேன்."

இரண்டு மணி வரை ஒன்றும் செய்ய முடியவில்லை. மிர்தா ஜன்னலைத் திறந்தாள். நால்வரில் மூவர் இன்னும் நின்றிருந்தார்கள். மழை பெய்ததால் எதிர்க்கடையிலிருந்து டோர்டா ஃப்ரிடா வாங்கி வந்திருந்தாள். எண்ணெயில் பொரித்த மாவு; மழை நாளில் எங்கள் ஊரில் அதைத்தான் தின்போம். எனக்கு ஒன்று வைத்தாள். அது ஆறி ரப்பராகிப்போனது. திறந்துவிட்ட வாசல் வழியாகக் குப்பை கொட்டிக்கொண்டிருந்தது. கடன் தருகிறேன் என்றார்கள். எடை குறைக்கிறேன் என்றார்கள். நைஜீரிய விதவை ஒருத்தி எனக்காக அழுதாள்.

2.02க்கு ஒன்றும் வரவில்லை.

2.05. இல்லை.

"மழைல கம்பி அறுந்திருக்கும்," என்றாள் மிர்தா.

"சும்மா இருங்க."

"கரண்ட் போயிருக்கும்."

"மிர்தா."

"சரி. சும்மா இருக்கேன்."

2.11க்கு வந்தது. எடை குறைப்புக்கும் கடனுக்கும் நடுவில். ஈரக் கம்பியில் மெதுவாக, மூச்சுவாங்கிக்கொண்டு வந்தது. அச்செடுத்தேன். மிர்தா ஜன்னலில் நின்றவரை அப்படியே விட்டுவிட்டு என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

ரோமெரோ வீட்டுப் பசங்க இரண்டு. பால்காரர் பெண் ஒன்று. நான்காவதாக ஒரு பெயர். கமிலா, ஒன்பது வயது.

"இது நிபியாவோட பொண்ணு," என்றாள் மிர்தா. "இங்க டவுன்ல, சித்தி வீட்ல தங்கிப் படிச்சிட்டிருந்தா. அந்தப் பெரிய பள்ளிக்கூடத்துல. நீச்சல் குளம்லாம் இருக்கே."

"இப்ப அங்க கூட்டிட்டுப் போயிட்டாங்க."

"நாலாக்குறதுக்கு."

தாளை மேடத்திடம் கொண்டுபோனேன். ஒடிலியா மேடம் முத்திரையை இரண்டு முறை குத்தினார். முதல் முறை மை ஒட்டவில்லை. 2.25க்கு ஃபேக்ஸ் போனது. அடுத்த புதன்கிழமை பதில் வந்தது. ஐம்பத்தெட்டாம் எண் பள்ளி இந்த ஆண்டுக்கு மட்டும் தொடரும்.

ஏப்ரலில் ஒரு நாள் நிபியா அலுவலகத்துக்கு வந்தாள். சுண்ணக்கட்டியும் அரிசியும் வாங்கிப் போக. செருப்பெல்லாம் சேறு. மிர்தா மாதே ஊற்றிக் கொடுத்தாள். நிபியாவுக்கு எதுவும் தெரியாது என்று நினைத்தேன். பட்டியல் போனது, பள்ளி இருக்கிறது, அவ்வளவுதான் தெரிந்திருக்கும். சொல்லாமல் விட்டிருக்கலாம். சொன்னேன்.

அவள் கிண்ணத்தைக் கையில் வைத்தபடி முழுவதையும் கேட்டுக்கொண்டாள்.

"திங்கக்கெழமை ராத்திரியே எல்பியோ பாத்திருக்காரு," என்றாள். "'ஆய்வாளர் ஆபீசு அப்புறம் வான்னு சொல்லுது'ன்னு கடைக்காரர்கிட்டச் சொல்லிச் சிரிச்சிருக்காரு. 'கவர்மெண்ட் ஆபீசு வேற என்ன சொல்லும், நாலு தடவ அலைய விடும், அப்புறம் வாங்கிக்கும்'னு. எனக்கு வெள்ளிக்கெழமைதான் சொன்னாரு. நானும் சிரிச்சேன்."

"அவரு அன்னைக்கே போன் பண்ணியிருக்கலாமே டீச்சர்."

"எதுக்கு? நீங்கதான் முடியாதுன்னு சொல்லலையே. முடியாதுன்னு சொல்லியிருந்தா மறுநாளே அவரு பஸ் ஏறி வந்து கையில குடுத்திருப்பாரு."

"தப்பா யாரையாவது தடுத்துட்டா கடிதம் தொலையக் கூடாதுன்னுதான் அப்படிப் போட்டேன்."

"தொலையலையே," என்றாள். "பத்தரமா எங்க வீட்லதான் இருந்துச்சு."

கோபம் இல்லை. களைப்பாக இருந்தாள். மிர்தா மறுபடி கிண்ணத்தை நிரப்பப் போனபோது, "நன்றி," என்றாள். மாதே போதும் என்பதை அப்படித்தான் சொல்வோம். சொன்னபிறகு யாரும் மறுபடி ஊற்றமாட்டார்கள். அது ஒன்றில்தான் நாங்கள் தெளிவு.

"கமிலா எப்படி இருக்கா?" என்று மிர்தா கேட்டாள்.

"அழுகைய நிறுத்திட்டா. நீச்சல் குளம் எங்கன்னு கேக்குறா. ஓடையக் காட்டினேன்."

அரிசி மூட்டையை நான் லாரி வரை தூக்கிப் போனேன்.

ஜூனில் ஒப்பந்தம் வந்தது. ஒரு வருடத்துக்கு அல்ல, மூன்று மாதத்துக்கு. அதே வாரம் தலைநகரிலிருந்து ஒரு சுற்றறிக்கையும் வந்தது. டயல்-அப் முகவரிகளிலிருந்து வரும் அஞ்சலை எல்லா மாவட்ட அலுவலகங்களும் தடுக்க வேண்டும். காரணமாக ஒரு மாவட்டத்தின் அறிக்கையிலிருந்து ஒரு வாக்கியத்தை மேற்கோள் காட்டியிருந்தார்கள். குப்பை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. என் வாக்கியம். அதற்கு அடுத்த வாக்கியம் இல்லை.

ஒடிலியா மேடம் தாளை என்னிடம் நீட்டினார்.

"போட்டுடு," என்றார்.

"மேடம், அதுல நான் எழுதின மீதி..."

"படிச்சேன் ஹெபர். போட்டுடு."

போட்டேன். டெரோ என்று பெயர் சொல்லி வருவதை மட்டும் உள்ளே விடச் சொல்லி ஒரு வரி சேர்த்தேன். எந்தக் குப்பைக்காரனும் தன்னை ஆள்காட்டி என்று சொல்லிக்கொள்ள மாட்டான். மற்றவர்களுக்குப் பதிலை மாற்றினேன். 'பிறகு முயற்சி செய்யவும்' என்பதை அழித்தேன். இந்தக் கடிதத்தை ஏற்க முடியாது, நீங்கள் மனிதர் என்றால் இந்த எண்ணுக்குப் போன் செய்யுங்கள் என்று எழுதினேன். ஆங்கிலத்தில் அல்ல, எங்கள் மொழியில். கீழே அலுவலக எண்.

இரண்டு நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் பதினொன்றேகாலுக்கு மிர்தாவின் மேசையில் போன் அடித்தது. ஜன்னலில் ஆறு பேர் நின்றார்கள். அவள் ஜன்னலைப் பார்த்தபடியே ரிசீவரை எடுத்தாள்.

"ஆமா, ஆய்வாளர் ஆபீசுதான். என்னது, மெயிலா? திரும்பி வந்துடுச்சா? உங்க பேரு?" குடுவையை அக்குளில் சரி செய்துகொண்டாள். "இப்ப முடியாதும்மா, கூட்டமா இருக்கு. நீங்க ஒண்ணு பண்ணுங்க, திங்கட்கிழமை..."

எழுந்து போய் ரிசீவரை அவள் கையிலிருந்து வாங்கினேன்.

"சொல்லுங்க," என்றேன். "கேட்டுட்டிருக்கேன்."